எல்.கே.ஜி. சீட்டுக்கு சிபாரிசு: பிடிக்கலாமா, கூடாதா?

திருநகர்_அப்பா
எல்லாருக்கும் வணக்கம். மதுரை. பையனுக்கு வர்ற ஜூன்ல எல்.கே.ஜி. வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு மெட்ரிக் பள்ளி. அப்ளிகேஷன் போட்டோம், "சும்மா ஒரு இன்டராக்‌ஷன்"னு கூப்பிட்டாங்க. பையன் கலரெல்லாம் சொன்னான். எங்க ரெண்டு பேர்கிட்டயும் என்ன படிச்சிருக்கீங்க, எங்க வேலை, சொந்த வீடான்னு கேட்டாங்க. லிஸ்ட் போட்டப்ப பேர் இல்லை. கேட்டா "சீட் ஃபுல் சார்". எதை வச்சு எடுத்தாங்கன்னு கேட்டதுக்கு ஆபீஸ்ல இருந்த பொண்ணு சிரிச்சுட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருச்சு.

வீட்டுக்காரம்மாவோட சித்தப்பா கவர்மென்ட் வேலையில இருக்கார். அந்தத் தாளாளரை நல்லாத் தெரியுமாம். "ஒரு போன் போட்டா முடிஞ்சது, இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே மாப்ள"ங்கிறார். டொனேஷன் கிடையாது, கவர் கிடையாது. எனக்குத்தான் உறுத்துது. வீட்ல கேட்கிற கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்லை: "நீங்க நல்லவரா இருக்கிறதுக்காக மூணு வயசுப் புள்ள எதுக்கு வேன்ல ஊரைச் சுத்தணும்?"

அவிநாசி_ரோடு
ஏனுங்க, இதுல யோசிக்கிறதுக்கு என்னங்க இருக்குது? கேட்கறது தப்புன்னா ஊர்ல பாதிப் பேருக்குப் பொண்ணே கிடைச்சிருக்காது. உங்க புள்ளைக்கு நீங்க பார்க்காம வேற யாரு பார்ப்பாங்க? அவங்க தனியார் பள்ளிக்கூடம், அவங்க சீட்டு, அவங்க இஷ்டம். எங்க கம்பெனிக்கு ஆள் எடுக்கறப்ப நான்கூட தெரிஞ்சவங்க சொல்ற பையனைத்தான் மொதல்ல கூப்பிடுவேன். நாளைக்கு ஒண்ணுன்னா கேட்க ஒரு ஆள் இருக்குதில்லைங்க.

முதல்_பட்டதாரி
அவிநாசி அண்ணா, கம்பெனி உங்க காசு. பள்ளி டிரஸ்ட் பேர்ல நடக்குது, வருமான வரி விலக்கு வாங்குது, பொதுநலம்னு சொல்லித்தான் அங்கீகாரம் வாங்குது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

இன்னொண்ணு. "தெரிஞ்சவங்க"ங்கிறது யார்? சித்தப்பா, மாமா, மச்சான், மாமாவோட சகலை. அத்தனை பேரும் ஒரே சாதி. எங்க தெருவுல "உங்களுக்கு யாரைத் தெரியும்"னு கேட்டா வார்டு கவுன்சிலரோட நின்னுரும், அவரும் தேர்தல் முடிஞ்சா போன் எடுக்க மாட்டார். இடஒதுக்கீடுன்னா மெரிட் செத்துப்போச்சுன்னு ஸ்டேட்டஸ் போடுறவங்க வீட்டுல இந்த ஒதுக்கீட்டுக்கு மட்டும் பேரே கிடையாது, "நம்ம ஆளு"தான். உங்களைச் சொல்லலை திருநகர் அண்ணா, நீங்க கேட்கவாவது செய்றீங்க.

அவிநாசி_ரோடு
எல்லாத்தையும் சாதியில கொண்டுபோய்ச் சேர்த்தா பேச்சே நடக்காதுங்க தம்பி.

முதல்_பட்டதாரி
நான் கொண்டுபோய்ச் சேர்க்கலை அண்ணா, ஏற்கனவே அங்கதான் இருக்கு. உங்க போன்ல எல்லாத்துக்கும் பேசுற பத்துப் பேர் நம்பரை எடுத்துப் பாருங்க. இங்க எழுத வேண்டாம்.

வக்கீல்_குமாஸ்தா
சட்டம் என்ன சொல்லுதுன்னு சொல்லிடறேன், அப்புறம் சண்டையைத் தொடருங்க.

2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 13: பிள்ளையையோ பெற்றோரையோ சோதிச்சுத் தேர்வு செய்யக் கூடாது. மீறினா முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 வரை அபராதம். நன்கொடை வாங்கினா வாங்கினதுல பத்து மடங்கு வரை. நம்ம மாநிலத்துல நன்கொடைத் தடைக்கு 1992-லயே தனிச் சட்டம் உண்டு. ஆனா கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயசுக்கானது. எல்.கே.ஜி.க்குப் பொருந்துமான்னு கேட்டு வழக்கு போய், ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்குற 25 சதவீத ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) சீட்டைத் தவிர மத்த நர்சரி சீட்டுக்குப் பொருந்தாதுன்னு டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல சொல்லிருச்சு. அந்த ஓட்டை வழியாத்தான் "இன்டராக்‌ஷன்" நடக்குது. சொந்த வீடான்னு கேட்டாங்களே, அது பிள்ளைக்கு வச்ச கேள்வி இல்லை. சிறுபான்மைப் பள்ளியா இருந்தா உச்ச நீதிமன்றத்தோட 2014 பிரமதி தீர்ப்புக்கு அப்புறம் இந்தச் சட்டமே கிடையாது.

டெல்லியில 2016 ஜனவரியில நிர்வாக ஒதுக்கீட்டை அரசே ரத்து பண்ணிச்சு. அடுத்த மாசமே நீதிமன்றம் அதை நிறுத்தி வச்சுது. ஆக, தாளாளர் தனக்குன்னு சில சீட்டு வச்சுக்கிறது சட்டப்படி குத்தம்னு சொல்ல முடியாது. நியாயமான்னு கேட்டா, அது என் டிபார்ட்மென்ட் இல்லை.

தபால்_துறை
தனியாரை விடுங்க. அரசாங்கமே சிபாரிசை அச்சடிச்சுக் கொடுத்த காலம் உண்டு. கேந்திரிய வித்யாலயாவுல ஒவ்வொரு எம்.பி.க்கும் வருஷத்துக்கு 10 சீட். மக்களவை 543, மாநிலங்களவை 245, மொத்தம் 788 பேர், 7,880 சீட். இட மாறுதல்ல ஊர் ஊராப் போற எங்க மாதிரி ஆளுங்க பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச பள்ளி அது. எம்.பி. சீட்டு வகுப்புல இருக்கிற எண்ணிக்கைக்கு மேல வரும். பெஞ்ச்ல நெருக்கி உட்காரணும், அவ்வளவுதான்.

2022-ல இதை எடுத்தாங்க. எடுக்கச் சொல்லிக் கேட்டது யாருன்னா எம்.பி.ங்களேதான். பத்துப் பேருக்குக் கொடுத்தா மிச்சம் ஆயிரம் பேர் பகையாகிறான்னு சபையிலயே பேசினாங்க, ஒண்ணு ஏத்துங்க, இல்லைன்னா எடுத்துருங்கன்னு. நியாயம் பார்த்து எடுத்த மாதிரி எனக்குத் தெரியலை, தொல்லை தாங்காம எடுத்ததுதான். ஆனா எடுத்த பிறகு கொரோனாவுல அப்பா அம்மாவை இழந்த பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கு 10 இடம்னு வச்சாங்க. அதை யாராவது தப்புன்னு சொல்வாங்களா? விதியில விலக்கு இருக்கலாம், அது யாருக்குங்கிறதுதான் கேள்வி.

வெள்ளவத்தை_வாசி
கொழும்பில இருந்து எழுதுறன். உங்களுக்கு விதி என்னெண்டு தெரியாது எண்டதுதானே பிரச்சினை? எங்களுக்கு எல்லாம் கல்வி அமைச்சின்ர சுற்றறிக்கையில எழுத்தில இருக்கு. தரம் 1 அனுமதிக்கு நீண்டகாலம் இருந்த பங்கீடு இதுதான்: பாடசாலைக்கு அண்மையில வசிக்கிற ஆக்களின்ர பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவரின்ர பிள்ளைகளுக்கு 25, அங்க படிக்கிற பிள்ளையின்ர சகோதரங்களுக்கு 15. மிச்சம் கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் கிடைச்ச அரச ஊழியர், வெளிநாட்டில இருந்து திரும்பினவை. எல்லாத்துக்கும் புள்ளி. வாக்காளர் இடாப்பில எத்தனை வருசம் பேர் இருக்கு, காணி உறுதி (நிலப் பத்திரம்) ஆற்ற பேரில, உங்கட வீட்டுக்குக் கிட்ட வேற பள்ளிக்கூடம் இருக்கோ, இருந்தா அதுக்குப் புள்ளி வெட்டுவினம்.

என்ன நடக்குது? சனம் அதிபரைப் பிடிக்கிறதுக்கு முதல் உறுதியைப் பிடிக்குது. பிள்ளை பிறந்த கையோட பள்ளிக்குக் கிட்ட இருக்கிற சொந்தக்காரர் வீட்டு விலாசத்தில பேரைப் பதிஞ்சுபோட்டு, அஞ்சு வருசம் அந்த விலாசத்துக்கே கடிதம் வரப்பண்ணுறது. அனுமதிக்குக் காசு வாங்கின அதிபர்மாரை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு பிடிச்ச செய்தியும் அடிக்கடி வரும். விதி எழுதினா சிபாரிசு ஒழியும் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ.

ஆனா ஒண்டு. தற்காலிகப் பட்டியல் ஒட்டுவினம். என்ர பிள்ளைக்கு எத்தனை புள்ளி, கடைசியா எடுபட்ட பிள்ளைக்கு எத்தனை எண்டு கேட்கலாம், மேன்முறையீடு செய்யலாம், மற்ற ஆளின்ர விலாசம் பொய் எண்டா ஆட்சேபிக்கலாம். உங்கட ஆபீஸ் பிள்ளை சிரிச்சுப்போட்டுப் போன மாதிரி இஞ்ச போகேலாது.

முதல்_பட்டதாரி
அந்த 25 சதவீதம் எனக்கு இடிக்குது அண்ணை. அப்பா அங்க படிச்சிருந்தா மகனுக்கு இடம். அப்பா படிக்காத வீட்டுப் பிள்ளை? சித்தப்பா போனை அரசாங்க முத்திரை போட்டு வச்சிருக்கீங்க, அவ்வளவுதானே?

வெள்ளவத்தை_வாசி
மறுக்கேல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து இடம்பெயர்ந்து வந்த சனம். கொழும்பில எங்களுக்கு பழைய மாணவர் எண்டு சொல்ல ஒரு பள்ளியும் இல்லை, காணி உறுதியும் இல்லை, வாடகை வீடு. அந்தப் புள்ளிக் கணக்கு எங்களை மாதிரி ஆக்களுக்கு வாசலை மூடினதுதான். எழுத்தில இருக்கிற அநியாயம் எண்டபடியால காட்டிச் சண்டை பிடிக்கலாம் எண்டதைத்தான் சொன்னன்.

பழைய_ஆபீஸ்ரூம்
இதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியலை. நான் ஒரு மெட்ரிக் பள்ளியில அட்மிஷன் பார்த்தவ. ஊரும் பேரும் வேண்டாம். லிஸ்ட் எப்படித் தயாராகும்னு சொல்றேன்.

முதல்ல அண்ணன், அக்கா ஏற்கனவே படிக்கிற பிள்ளைங்க. அடுத்து டீச்சர், ஸ்டாஃப், ஆயாம்மா வீட்டுப் பிள்ளைங்க. இந்த ரெண்டையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஒரு அம்மா ரெண்டு பள்ளிக்கு ஓட முடியாது. அப்புறம் ஆர்டிஇ 25 சதவீதம். மிச்சம் இருக்கிற சீட்டுலதான் இருக்கு கதை. கரஸ்பாண்டன்ட், அதான் தாளாளர், டேபிள்ல ஒரு டைரி. பிள்ளை பேர், யார் சொன்னது, அவ்வளவுதான். பென்சில்லதான் எழுதுவார். பெரிய ஆள் சொன்னா சின்ன ஆள் சொன்னதை அழிக்கணும்ல.

எம்எல்ஏ, மந்திரி பி.ஏ. லெட்டருக்குத்தான் மதிப்புன்னு நினைப்பீங்க. அது இல்லை. லெட்டர்ஹெட்ல கேட்கிற எல்லாருக்கும் கொடுத்துருவாங்க, அவங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பி.ஏ. தனியா போன் பண்ணி "இது நிஜமாவே நம்ம ஆள்"னு சொன்னாத்தான் டைரியில ஏறும்.

டைரியில அழியாத பேர் எல்லாம் கையெழுத்துப் போடுற ஆபீஸ்ல இருந்து வர்றது. பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்க என்னென்ன வேணும்? கட்டட உரிமம், அது தாசில்தார். தீயணைப்புத் துறை தடையின்மைச் சான்று. சுகாதாரச் சான்று. கட்டட உறுதிச் சான்று. அதுக்கு மேல பள்ளி வேனுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி., அதாவது வண்டி தகுதிச் சான்று. பைல் எந்த ஆபீஸுக்குப் போகணுமோ அந்த ஆபீஸ் ஆளுங்க வீட்டுப் பிள்ளைங்க, அவங்க சொல்ற பிள்ளைங்க எல்லாம் எங்க டைரியில இருப்பாங்க. காசு கை மாறாது. யாரும் எதையும் வாய் விட்டுக் கேட்கவும் மாட்டாங்க. மே மாசம் ஒரு போன் வரும், அக்டோபர்ல பைல் போகும். மாடிப்படி அகலம் பத்தாதுன்னு போன தடவை எழுதின குறிப்பு இந்தத் தடவை இருக்காது.

2004 ஜூலை 16 கும்பகோணத்துல 94 பிள்ளைங்க தீயில போனாங்க. கீத்துக் கொட்டகை, குறுகலான படி. இந்தச் சான்றிதழையெல்லாம் இவ்வளவு கெடுபிடியாக் கேட்க ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான். அந்தக் கெடுபிடியை வச்சே சீட்டு வாங்குறாங்கன்னா என்ன சொல்றது? வரிசையில நின்ன ஒரு பிள்ளைக்கு சீட் போச்சுங்கிறது சின்ன விஷயம். அந்தப் போன்ல சேர்ந்த பிள்ளையும் அதே மாடிப்படியிலதான் இறங்கணும்.

திருநகர் தம்பி, உங்க சித்தப்பா எந்த டிபார்ட்மென்ட்?

திருநகர்_அப்பா
தாலுகா ஆபீஸ் அக்கா.

பழைய_ஆபீஸ்ரூம்
நினைச்சேன்.

அவிநாசி_ரோடு
அக்கா சொல்றதைக் கேட்டா வவுத்தைக் கலக்குது, ஒத்துக்கறேனுங்க. ஆனா அதுக்கு இந்த அப்பா என்ன பண்ணுவாருங்க? அவரு போன் போடலைன்னா மாடிப்படி அகலமாயிருமா? இவரு விட்டா அந்த சீட்டு வரிசையில நின்ன பையனுக்குப் போகாதுங்க. அடுத்த பென்சில் பேருக்குத்தான் போகும். நல்லவங்க எல்லாரும் ஒதுங்கிக்கிட்டா மிச்சம் யாரு இருப்பாங்க?

வக்கீல்_குமாஸ்தா
தாலுகா ஆபீஸ்னா விஷயம் வேற. ஊழல் தடுப்புச் சட்டத்துல ஆதாயம்னா பணமா இருக்கணும்னு இல்லை. ஒரு போன் குத்தம்னு நான் சொல்லலை. அந்தப் பள்ளியோட உரிமம் பைல் சித்தப்பா டேபிளைத் தொட்டுப் போகுமா, போனா அவர் என்ன எழுதுவார்ங்கிறதுலதான் குத்தமும் இல்லாததும் இருக்கு. அவர் ரிட்டயர் ஆனவரா இருந்தா, இல்ல ஸ்கூல் நண்பரா இருந்தா, நான் இவ்வளவு பேச மாட்டேன்.

தபால்_துறை
அது சரியான அளவுகோல்தான். சித்தப்பா நாளைக்கு அந்த நாற்காலியில இல்லைன்னாலும் தாளாளர் அவர் போனை எடுப்பாரா? எடுப்பார்னா அது பழக்கம். எடுக்க மாட்டார்னா நீங்க வாங்கப் போறது நாற்காலியோட சீட்டு.

முதல்_பட்டதாரி
பழக்கம்னா மட்டும் சரியா? எனக்கு அதுலயும் சம்மதம் இல்லை. எந்தத் தாளாளர் எங்க அப்பாவோட பழகுவார்? எங்க அப்பா அவர் பள்ளி கட்டடத்துக்கு செங்கல் சுமந்திருக்கலாம்.

சேரணும்னா ஆர்டிஇ-ல போடுங்க அண்ணா. ஒரு கிலோமீட்டருக்குள்ள வீடு, விண்ணப்பம் அதிகமா இருந்தா எல்லார் முன்னாடியும் குலுக்கல். யாரையும் தெரிய வேண்டாம். என் அக்கா பையன் அப்படித்தான் சேர்ந்தான்.

திருநகர்_அப்பா
யோசிச்சேன் தம்பி. நலிவடைந்த பிரிவுக்கு வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருக்கணும். எங்க ரெண்டு பேர் சம்பளம் அதுக்கு மேல. சித்தப்பாகிட்ட இதைச் சொன்னதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "வருமானச் சான்று நம்ம ஆபீஸ்லதானே, குறைச்சுப் போட்டுக்கலாம்".

முதல்_பட்டதாரி
ஐயோ. போனாவது பரவாயில்லை. இது நேரா எங்க வீட்டுத் தட்டுல கை வைக்கிறது. அந்த ஒரு வாசல்தான் யாரையும் தெரியாதவனுக்குன்னு இருக்கு. 2025-ல ஒன்றிய அரசு நிதி வராம ஆர்டிஇ சேர்க்கை அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு. காசு இருக்கிறவங்க ஜூன்லயே வேற இடத்துல சேர்த்துட்டாங்க. எங்க ஆளுங்க போர்ட்டல் எப்போ திறக்கும்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

நெறியாளர்
நடுவுல ஒருத்தர் பள்ளி பேரோட ஒரு பதிவு போட்டிருந்தார். நீக்கிவிட்டேன். பள்ளி, அதிகாரி பேர்கள் வேண்டாம். சாதிப் பேச்சு வரலாம், ஆள் மேல பாய வேண்டாம்.

திருநகர்_அப்பா
ஒரு விஷயம் நடந்துருச்சு. சித்தப்பா எங்களைக் கேட்காமலே போன் போட்டுட்டார். "புள்ளைக்குப் பண்ணாம யாருக்குப் பண்ணப் போறேன்"னு வீட்ல சொல்லியிருக்கார். பள்ளியில இருந்து மெசேஜ்: சீட் உறுதி, செவ்வாய்க்கிழமைக்குள்ள பீஸ் கட்டுங்க. "சீட் ஃபுல்"னு சொன்ன அதே பள்ளி. வீட்ல சாமிக்கு முன்னாடி போனை வச்சுக் கும்பிட்டாங்க. இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?

அவிநாசி_ரோடு
கட்டுங்க. நீங்க கேட்கலை, தானா வந்திருக்குது. இனிமே வேண்டாம்னு சொன்னா சித்தப்பாவுக்கு அவமானம், அவருக்கும் தாளாளருக்கும் மனஸ்தாபம், உங்க மாமனார் வீட்டுல காலம் பூரா பேச்சு. நோம்பி நாளுக்குக்கூடப் போக முடியாதுங்க.

முதல்_பட்டதாரி
கட்டாதீங்க. அடுத்த சிபாரிசுக்குப் போகும்னா போகட்டும், அது அவங்க பாடு.

பழைய_ஆபீஸ்ரூம்
ரெண்டு பேருக்கும் இடையில எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கட்டினா டைரியில உங்க பையன் பேருக்குப் பக்கத்துல சித்தப்பா பேர் இருக்கும், அவன் பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும். உரிமம் பைல் வர்றப்ப ஆபீஸ்ல இருந்து உங்களுக்கும் போன் வரும். "சார், சித்தப்பாகிட்ட கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க." நான் பெற்றோருக்கு அப்படிப் போன் பண்ணியிருக்கேன். பண்ணச் சொல்வாங்க, பண்ணுவோம். அப்புறம் பையனை ஒரு டீச்சர் அடிச்சாங்கன்னு வைங்க, நீங்க போய்க் கேட்க முடியுமா? பீஸ் கமிட்டி சொன்னதுக்கு மேல வாங்குறாங்கன்னு புகார் எழுத முடியுமா? சீட்டு மட்டும் வராது, வாயும் அடைபடும்.

கட்டலைன்னா ஒரு வழி இருக்கு. ஜூன் ரெண்டாவது வாரம் நேரா ஆபீஸுக்குப் போங்க. ரெண்டு மூணு பள்ளியில பீஸ் கட்டி வச்ச பெற்றோர் அப்பத்தான் ஒண்ணை விட்டுட்டுப் போவாங்க. அந்த சீட்டை நிரப்ப எந்த டைரியும் இருக்காது, பெஞ்ச் காலியா இருந்தா பள்ளிக்குத்தான் நட்டம். யார் வந்து நிக்கிறாங்களோ அவங்களுக்குக் கொடுப்போம். கிடைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்.

வெள்ளவத்தை_வாசி
பிள்ளையின்ர தாய் என்ன சொல்லுறா? இஞ்ச எல்லாரும் அவவை விட்டுப்போட்டுக் கதைக்கினம். வேனுக்கு விடிய எழும்பிறதும் சாப்பாடு கட்டுறதும் அவதானே.

திருநகர்_அப்பா
நியாயமான கேள்வி அண்ணை. அக்கா எழுதினதை முழுசா வாசிச்சுக் காட்டினேன். வரிசை, நியாயம், சாதி எதுக்கும் அவங்க அசையலை. "எல்லாரும் பண்றதுதானே"ன்னுட்டாங்க. மாடிப்படி விஷயத்துல மட்டும் நிறுத்தி, சித்தப்பாவுக்கே போன் போட்டுக் கேட்டாங்க: அந்தப் பள்ளி பைல் உங்ககிட்ட வருமா? "வரும், வந்தா என்னம்மா, பார்த்துக்கலாம்"னார். போனை வச்சுட்டு ரொம்ப நேரம் பேசலை.

செவ்வாய்க்கிழமை நாங்க பீஸ் கட்டலை. பக்கத்துத் தெருவுல ஒரு அரசு உதவி பெறும் பள்ளி இருக்கு, நர்சரியும் சேர்த்து நடத்துறாங்க. போய்ப் பார்த்துட்டு வந்தோம். கழிப்பறை சுமார், படி அகலம். அவங்களுக்கு இன்னும் மனசு சமாதானம் ஆகலை, ஜூன்ல இன்னொரு தடவை முதல் பள்ளிக்குப் போய்க் கேட்போம்ங்கிறாங்க. சித்தப்பா எங்க வீட்டுப் பக்கம் வர்றதில்லை.

அவிநாசி_ரோடு
தைரியசாலிங்க நீங்க. என்னால முடியாதுங்க.

கே.கே.நகர்_புதுசு
பழைய இழையை எழுப்புறதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்லயும் இதே கதைதான். ஆனா எங்க மாமா தாசில்தார் ஆபீஸ் எல்லாம் இல்லை, ஈ.பி.ல (மின்வாரியம்) ஏ.இ., உதவிப் பொறியாளர். பள்ளி அங்கீகாரத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அது கணக்குல வராதுல்ல?

பழைய_ஆபீஸ்ரூம்
அந்தப் பள்ளி புதுசா ஏ.சி. கிளாஸ்ரூம் கட்டுதா? லோடு ஏத்திக் கொடுக்க விண்ணப்பம் யார்கிட்ட இருக்குன்னு மாமாகிட்ட கேட்டுட்டு வந்து எழுதுங்க.